முகாம் போன பிறகு முதல் கல்யாணம்

கொட்டுச் சத்தம் கேட்டதும் தோர்பெகை முதலில் வானத்தைத்தான் பார்த்தாள். காபூலுக்கு வெகுதூரத்தில் இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் ஒன்பது வருஷமாக கல்யாணங்கள் இழவு வீடு மாதிரிதான் நடந்தன. எதிர்மலை உச்சியில் வெளிநாட்டுப் படையின் முகாம் இருந்தது. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டதற்கு ஹெலிகாப்டர் வந்துவிட்டது. பனி உருகத் தொடங்கியபோது அவர்கள் முகாமைக் கலைத்துக்கொண்டு போனார்கள். நாலு மாதம் ஆகிறது.

அவள் கணவன் நங்கியால் இன்னும் வரவில்லை. படைக்காரர்கள் வீட்டுக் கதவை உடைத்து அவன் அண்ணனைப் பிடித்துப் போன மறுநாள், நங்கியால் குரான்மேல் கை வைத்து, "அந்த முகாம் இருக்கிறவரைக்கும் இந்தக் கூரைக்குக் கீழே தூங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மலையில் அவர்களோடு சண்டை போட்ட முல்லா தோராபின் கூட்டத்தில் சேர்ந்தவன்தான். அண்ணன் ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"அவங்க போகட்டும், மறுநாளே என் பையன் இறங்கி வருவான்" என்று மாமனார் லவாங் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். இப்போது அவர் முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கடைசி மகனின் இன்றைய கல்யாணத்துக்குக்கூட நங்கியாலுக்கு அவர் சொல்லி அனுப்பவில்லை.

மணப்பெண்ணின் ஜீப் வாசலுக்கு வந்ததும் லவாங்கின் மச்சினர் ஆசை தீர ஒரு பெட்டித் தோட்டா முழுவதையும் வானத்தில் காலி செய்தார். பெண்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்தார்கள். அரை மணி நேரத்தில், படிப்படியான வயல்களைத் தாண்டிக் குதித்து எட்டுப் பேர் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். கொட்டு நின்றது. மூன்றாவதாக வந்தவனைத் தோர்பெகை ஓடுகிற விதத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள்.

"எங்கேருந்து அடிக்கிறாங்க? எத்தனை பேரு?" மூச்சிரைக்கக் கேட்டார் முல்லா தோராப்.

"ஒரே ஆளு, முல்லா சாகிப். என் மச்சினன். வானத்தைத்தான் அடிச்சான். வானத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார் லவாங்.

மாடியில் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். தோராபின் முகம் இறுகியது.

"கொட்டெல்லாம் வேண்டாம். ஹராம்."

கொட்டுக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். பிறகு லவாங் சொன்னார்: "ஒன்பது வருஷம் அவங்களுக்குப் பயந்து நிறுத்தினோம். இப்ப உங்களுக்குப் பயந்து நிறுத்தணும்னா, இத்தனை நாள் உங்களுக்கு ரொட்டி சுட்டு அனுப்பினது எதுக்கு?"

முகாம் போனால் சண்டையெல்லாம் போய்விடும் என்றுதான் தோர்பெகையும் நினைத்திருந்தாள். ஆனால் தோராபுக்கு இறங்கி வர வீடு இல்லை. அது இருந்த இடத்தில் இப்போது குண்டு விழுந்த பள்ளம்தான். எது போனால் அவர் இறங்குவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நங்கியாலுக்கு வீடு இருக்கிறது. இன்று ஏறிப் போனால் அவன் இனி இறங்கமாட்டான்.

நாலு பேர் நடுவே புருஷனோடு பேசக் கூடாது. பக்கத்தில் நின்ற ஓர்ப்படி குலாப்தானாவின் காதில் குனிந்தாள். குலாப்தானாவுக்கு மலைக்கு அந்தப்பக்கம் கேட்கிற தொண்டை.

"ஏய் கொழுந்தா, உன் பொண்டாட்டி கேக்கறா. சத்தியம் பண்ணப்ப முகாம்னு சொன்னியா, கொட்டுன்னு சொன்னியா?"

நங்கியால் தரையைப் பார்த்தான். "முகாம்னுதான்."

"அப்ப நாலு மாசமா மேல என்ன பண்றே, ஆடு மேய்க்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தோராபின் ஆட்களில் இரண்டு பேரும்.

"யாரும் கூப்பிடலியே" என்றான் நங்கியால், சின்னக் குரலில்.

"சொந்த வீட்டுக்கு வர அழைப்பு வேணுமாம் தொரைக்கு" என்றார் லவாங். அவர் குரல் உடைந்திருந்தது. "சரி, கூப்பிடறேன். வா."

"காபூல்ல அவங்க வெச்ச ஆளுங்க இன்னும் உட்கார்ந்திருக்காங்க, நங்கியால்" என்றார் தோராப்.

"காபூலைப் பத்தி நான் சத்தியம் பண்ணல, முல்லா சாகிப்."

துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றி இரண்டு உள்ளங்கைகளிலும் கிடத்தி நீட்டினான். தோராப் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாங்கிக்கொண்டார்.

லவாங் சோற்றுத் தட்டை நீட்டினார். வந்த வீட்டின் சோற்றை மறுக்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. தோராப் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டார். கொட்டுக்காரர் லவாங்கைப் பார்த்தார், லவாங் தலையாட்டினார். கொட்டு எழுந்தது. தோராப் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

நங்கியால் நின்றுவிட்டதால், போகும்போது அவரோடு ஆறு பேர் போயிருக்க வேண்டும். ஒருவனுக்கு ஓடி வந்ததில் செருப்பு தொலைந்துவிட்டதாம். தேடிவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று அவன் சொன்னான். போய் ஆட்டக்காரர்களின் வட்டத்தில் நின்றுகொண்டான். ஐந்து பேரோடு தோராப் மேலே ஏறினார். கொஞ்ச தூரம் அவர் முதுகைப் பார்த்தபோது தோர்பெகைக்குப் பாவமாக இருந்தது.

கீழே அத்தன் ஆட்டம் வேகம் பிடித்தது. எல்லோரும் வலப்பக்கம் சுழன்ற பிறகுதான் நங்கியாலுக்குச் சுழல வேண்டும் என்று ஞாபகம் வந்தது. பக்கத்து ஆள்மேல் மோதினான்.

"இவனை வெச்சுக்கிட்டா முல்லா சண்டை போட்டாரு?" என்றாள் குலாப்தானா.

தோர்பெகை முக்காட்டால் வாயைப் பொத்தினாள். அது போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.