சுவரில் சாய்ந்த தாய்

விடிந்தபோது, ‘ரப்பர்’ என்று எல்லாரும் கூப்பிடும் அவளுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. திரையில் கண்ணிமைக்கும் நேரம் ஓடுவதற்கு ராத்திரி முழுக்க வரைய வேண்டும். ஜன்னல்களில் கறுப்புத் துணி. சூரியனுக்குக்கூட அந்த ஸ்டுடியோவில் அனுமதி கிடையாது. வரைந்ததை அழித்து அழித்துத் திருத்துவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அங்கே வரைந்துகொண்டிருந்தது, குடும்பத்தோடு பார்க்கிற கார்ட்டூன் படம். மேற்கு ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதை. காட்டுப் பூதம் திருடிப்போன ஊர் முரசைத் தேடிச் சிறுமி கிளம்புகிறாள். வாசலில் வழியனுப்பும் தாய், தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். தாயை வரைந்தவள், முன்பு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த டீச்சர். போன மாதம், வீட்டுக்கே விடாமல் வேலை வாங்கிய மூன்றாம் நாள், நாற்காலியிலேயே சரிந்து செத்துப்போனாள். மிச்சம் ரப்பரின் தலையில் விழுந்தது.

வரைவதற்கு முன் நடித்துப் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைவார்கள். தாயாக நடித்தவளும் டீச்சர்தான். அதனால் அந்த வீடியோவைத் திறக்கும்போதெல்லாம் இறந்தவள் திரையில் நடந்து வந்தாள்.

வழக்கமாகச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் அந்த வீடியோவைப் பார்ப்பார்கள். இன்று தூக்கம் வராமலிருக்க ரப்பர் சத்தம் வைத்தாள். சுவரில் சாய்ந்த டீச்சர் முனகினாள்: "இருங்கப்பா... மூச்சு முட்டுது." கேமராவுக்குப் பின்னாலிருந்து ரப்பரின் குரலே சிரித்தது: "சூப்பர் டீச்சர், அப்படியே இருங்க."

அது நடிப்பே இல்லை. ஒரு மனுஷியின் நெஞ்சுவலியை எல்லாருமாக உட்கார்ந்து கோடு கோடாக வரைந்து, கைதட்டவும் செய்திருந்தார்கள். ரப்பர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து மேசை வண்ணக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் கேட்டார். ஒருவர் பின் ஒருவராக அறையே வந்து கேட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளி நுழைந்தார்.

"என்னம்மா, கூட்டம் போட்டாச்சா? அந்தச் சுவர் சீன் பார்த்தவங்க எல்லாம் உருகிட்டாங்க. கடைசியிலயும் அதே மாதிரி ஒண்ணு வேணும். முடியற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக வேணாம்."

ரப்பருக்கு வீட்டில் மகள் தனியாக இருந்தாள். இந்த வேலை போனால் வாடகைக்கு வழியில்லை. பேனாவை மேசையில் வைத்தாள்.

"வரைய மாட்டேன் சார். அது நடிப்பில்ல. டீச்சருக்கு அப்பவே நெஞ்சு வலிச்சிருக்கு."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போனவங்களப் பத்திப் பேசி என்னம்மா ஆகப்போகுது? இந்த வேலைக்கு வெளியில ஆயிரம் பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவங்களுக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குமே சார்," என்றார் வண்ணக்காரர். அவரும் பேனாவை வைத்தார். "எட்டு மணி நேரம் வரையறோம். ராத்திரி வீட்டுல தூங்கறோம். ஒத்துக்கிட்டா உட்கார்றோம்."

"கதவு அந்தப் பக்கம்."

யாரும் கதவுப் பக்கம் போகவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. முதலாளி கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரைக் கூப்பிடப் போகிறாரோ என்று ரப்பருக்குத் திக்கென்றது.

"பயமா இருக்குண்ணே," என்றாள் வண்ணக்காரரிடம்.

"எனக்கும்தான். வா, கீழ்மாடியில படத்துக்குக் காடு வரையறவங்களுக்கும் இந்த வீடியோவப் போட்டுக் காட்டலாம்."

படியிறங்கும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அறை முழுக்கப் பின்னால் வந்துகொண்டிருந்தது.