வராத நாள் கணக்கு

இன்மை ஒன்றல்ல, இரண்டு. இல்லை என்று தெரிந்தது ஒன்று. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதது மற்றது. மனித குலம் இவ்விரண்டையும் பிரித்தறிந்த நாளில்தான் அறிவு பிறந்தது.

இப்படித் திருவாய் மலர்ந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் கஜரூபன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கியபடி, கூடையை எப்போதடா நிறுப்பார்கள் என்று நின்ற பெண்கள்.

தினமும் யார் எத்தனை கிலோ எடுத்தார் என்று பதிகிற மென்பொருள் அவர் எழுதியது. மாதக் கடைசியில் சிறந்த கொழுந்துக்காரியை அதுவே தேர்ந்தெடுக்கும். பரிசு விழாவைப் பார்க்கக் கொழும்பிலிருந்து டைரக்டர் சுலோஜனா வருகிறார். நன்றாக நடந்தால் கஜரூபனுக்குத் தலைமையகத்தில் இடம். இல்லாவிட்டால் இதே குளிர், இதே அட்டை.

வேலைக்கு வராத நாளுக்கு சைபர் போட்டால் என்ன என்று கங்காணி தயாபரன் கேட்டுப் பார்த்தார். கஜரூபனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சைபர் என்றால், மலைக்கு வந்தும் ஓர் இலைகூடக் கிள்ளாதவர் என்று அர்த்தமாம். வராதவர் மேல் கணினி அப்படி அபாண்டம் சொல்லாதாம். கட்டத்தை வெறுமையாக விட்டுவிடும். அதற்கு ஆங்கிலத்தில் ‘நல்’ (null) என்று பெயர். சராசரி பார்க்கும்போது அந்த நாளை எண்ணாமலே தாண்டிப் போகும்.

“சரிங்க சேர்” என்று கங்காணி அட்டைக்குச் சவர்க்காரம் தேடப் போனார்.

விழாவில் டைரக்டர் முன்வரிசையில் அமர, கஜரூபன் பொத்தானை அழுத்தினார். திரையில் முதலிடம்: கஜரூபன். நாளொன்றுக்குச் சராசரி தொண்ணூற்றொரு கிலோ. ஒரு நாளும் தவறாமல் வந்து, இருபது கிலோவுக்கே இடுப்பொடிந்த ஜீவராணி இரண்டாமிடம்.

“சேர் எந்த மலையில எடுத்தீங்க? சொன்னா நாங்களும் வருவோம்ல” என்றாள் அவள்.

விஷயம் இவ்வளவுதான். புது டிஜிட்டல் தராசு வந்த அன்று, சோதிப்பதற்காகத் தன் பெயரைப் பதிந்து அதில் ஏறி நின்றிருந்தார், அழிக்க மறந்துபோனார். மற்ற நாளெல்லாம் அவருக்கு ‘நல்’. கணினி சொல்லிக்கொடுத்தபடியே தாண்டிப் போயிருந்தது.

உண்மையைச் சொன்னால் கொழும்பு போச்சு.

“மென்பொருளில ஒரு பிழையுமில்லை, மேடம். தராசுதான் ஆளில்லாமத் தானா ஒரு நிறையை அனுப்பியிருக்கு.”

அப்படியானால் தராசை இப்போதே சோதிக்கச் சொன்னார் டைரக்டர். கங்காணி அதைத் தூக்கிவந்து மேடையில் வைத்தார்.

“ஏறி நில்லுங்க சேர், அன்னைக்கு மாதிரியே.”

வேறு வழியில்லாமல் கஜரூபன் ஏறி நின்றார். தராசு தொண்ணூற்றிரண்டு காட்டியது. அந்த மாதத்தில் அவர் ஒரு கிலோ கூடியிருந்தார்.