மஞ்சள் கோடு

புதன்கிழமை பகல், விமானத்தின் இருக்கைக்குப் பின்னாலிருந்த மூடியைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்த பாலேந்திரா கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொருதரம் பார்த்தார். திங்கட்கிழமை தன் கையால் பூட்டி, சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போன நட்டைக் காணவில்லை. அதன் இடத்தில் வேறொரு நட்டு, புத்தம் புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் மஞ்சள் கோடு மட்டும் இருந்தது.

மஞ்சள் செபமாலைமுத்துவின் நிறம். விமானத்தில் பாதி அவனுடையது.

இந்தப் பாதி, அந்தப் பாதி என்ற கணக்கெல்லாம் முன்பு அவர்களுக்குள் இருந்ததில்லை. பாலேந்திரா முப்பது வருடமாக லண்டன் மாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்க்கிறவர். முத்து மன்னார்க்காரன். ஜெர்மனியில் இருபது வருடம் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்து, எட்மண்டனில் அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கிற கராஜ் வைத்திருக்கிறான். எட்டு வருடத்துக்கு முன் இருவரும் சேர்ந்து, பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய ஒரு சின்ன விமானத்தை, ரெய்னர்ஸ் லேனில் பாலேந்திரா வீட்டுக் கராஜுக்குள் வைத்து ஐந்து வருடம் கட்டினார்கள். அந்த ஐந்து வருடமும் கார் தெருவில் நனைந்தது. மனைவி நகுலேஸ்வரியின் வாய் ஓயவில்லை. இப்போது விமானம் லண்டனைத் தாண்டி ஒரு மணி நேரத் தூரத்தில், புல்வெளி ஓடுபாதையின் ஓரத்துத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. இரண்டு பேர் இருந்து பறக்கலாம்.

கட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஒழுங்கு. தான் செய்த வேலையைத் தானே சரி பார்க்கக் கூடாது. பாலேந்திரா நட்டை இறுக்கினால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே, நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூட்டெக்ஸால் ஒரு கோடு இழுப்பார். பிறகு முத்து வந்து சோதித்துவிட்டுப் பக்கத்தில் மஞ்சள் கோடு இழுப்பான். கோடு முறிந்திருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கோடும் இருந்தால்தான் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வரும். வருடாந்தச் சோதனையில் எல்லா மூட்டுகளையும் கழற்றி, கிறீஸ் பூசி, புது நட்டுப் போடும் கிழமை இது. இந்தக் கிழமையில்தான் இந்தக் கூத்து.

அதிலும் எந்த நட்டு? விமானியின் கையிலிருக்கும் பிடியிலிருந்து வால்வரை போகிற தண்டின் நட்டு. பின்தண்டு என்பார்கள். விமானத்தின் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். அது வானத்தில் கழன்றால் பிறகு தேவாரம்தான் பாடலாம்.

பாலேந்திரா அங்கேயே நின்று போன் எடுத்தார்.

"முத்து, பின்தண்டு நட்டை நீ கழட்டினனியோ?"

"ஓம் அண்ணை. நேற்றுப் பின்னேரம் பாக்கேக்க கையால திருகக் கூடியதாக் கிடந்தது. அதுதான் புதுசு போட்டு இறுக்கி விட்டனான். இண்டைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"நான் பூட்டினது கையால திருகக் கூடியதாக் கிடந்ததோ?"

"களைப்பா இருந்திருப்பியள் அண்ணை. விரதம்தானே."

விரதமாம்! பாலேந்திராவுக்குக் காதெல்லாம் சுட்டது. கந்தசஷ்டி விரதம் அவர் இன்று நேற்றுப் பிடிக்கிறதல்ல. ஆறு நாளும் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். பொழுதுபட்டபின் ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும். விரதம் இருந்தால் மூளை கண்ணாடி மாதிரித் தெளியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். இந்த வருடம் விரதத்துக்கென்றே லீவு எடுத்திருந்தார். நேர்த்திக்கடன் அப்படி. ஞாயிற்றுக்கிழமை பாறணைச் சாப்பாட்டோடு விரதத்தை முடித்த கையோடு மகள் தர்மிகாவை முதன்முதலாக விமானத்தில் ஏற்றப் போகிறார்.

தர்மிகாவுக்கு இருபத்தாறு வயது. கவுன்சிலில் வேலை. மூன்று வருடமாக, "நோ சான்ஸ் அப்பா" என்றவள் போன மாதம்தான், "சரி, ஒருக்கா வாறன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் கால் நிலத்தில் பாவவில்லை. அந்தப் பிள்ளை இருக்கப்போகிற இருக்கைக்குப் பின்னால்தான் ஒருவன் கை வைத்திருக்கிறான்.

லிப்டுகளில் முப்பது வருடம். ஒரு நட்டுத் தளர்ந்ததாக ஒருவன் சொன்னது கிடையாது. அப்படியானால் முத்துவே தளர்த்திவிட்டு முத்துவே இறுக்கியிருக்கிறான். ஏன்? யோசிக்க யோசிக்கப் பாலேந்திராவுக்குக் காரணம் கொட்டுண்டது. இரண்டு வருடத்துக்கு முன் முத்துவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கோளாறென்று டொக்டர் சொன்னார். அந்த மடையன் அதை அப்படியே விமானிகளின் உடல்நலப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பறக்கிறதை விட்டுவிட்டான். அதற்குப் பிறகும் கிழமை தவறாமல் வருகிறான். துடைக்கிறான், எண்ணெய் விடுகிறான். பாலேந்திரா மேலே ஏறினால் புல்லில் நின்று கையசைக்கிறான். பாதி விமானத்துக்குச் சொந்தக்காரன், ஒரு நாளும் ஏற முடியாது. அவனுக்கு வயிறு எரியாமலா இருக்கும்? இவ்வளவு நாளும் இது தன் மூளைக்கு எட்டவில்லையே என்றுதான் பாலேந்திராவுக்கு ஆச்சரியம்.

முத்துவைப் போல வாயைத் திறந்துகொண்டு போய் மாட்டுப்படுகிறவரல்ல பாலேந்திரா. அவருக்கு நீரிழிவு. ஆறு மாதத்துக்கு முன் இரண்டாவது குளிசை ஒன்றும் சேர்த்துத் தந்தார்கள். இதைப் போட்டால் சாப்பாட்டைத் தவறவிடவே கூடாது என்று நர்ஸ் இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் தலையாட்டினார். விமானப் படிவத்தில் அதை எழுதவில்லை. மிளகளவு குளிசையை யார் எழுதுவார்கள்? விரத நாளிலும் விடியவே மிடறு தண்ணீரோடு போட்டுக்கொண்டார். குளிசை சாப்பாடு இல்லை, அதனால் விரதம் முறியாது. அதில் அவர் வலு கவனம்.

அன்று பின்னேரமே ரெய்னர்ஸ் லேனில் உள்ள போன் கடையில் தீப்பெட்டி அளவு கமெரா ஒன்று வாங்கினார். படத்தை ஒரு சின்ன மெமரி கார்டில் சேமித்துவைக்கும் வகை. திரும்பக் கொட்டகைக்குப் போய், கூரை வளையில் விமானத்தைப் பார்க்க வைத்துக் கட்டினார். கையும் மெய்யுமாகப் பிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை பகல் முழுக்கச் சுக்கான் பக்கத்து மூட்டுகளைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். பாலைக் குடித்துக்கொண்டிருக்கையில் முத்துவின் அழைப்பு வந்தது.

"அண்ணை, சுக்கானிலயும் ஒண்டு அப்பிடித்தான். நட்டே இல்லை. கோடு மட்டும் கிடக்கு." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "கோவிக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஏத்த வேண்டாம். அடுத்த கிழமை ரெண்டு பேருமா எல்லாத்தையும் திருப்பிப் பாப்பம்."

ஆ, வந்தான் வழிக்கு! பாலேந்திரா, "ஓமோ" என்றுமட்டும் சொல்லி வைத்தார். பிள்ளையை ஏற்றக் கூடாதாம். அதற்குத்தானே இவ்வளவு பாடும்.

வெள்ளி விடியக் கொட்டகைக்குப் போனவர் முதல் வேலையாகக் கமெராவின் கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். இனி அது அத்தாட்சி. கதவில் பழைய பூட்டை எடுத்துவிட்டு நம்பர் பூட்டுப் போட்டார். "இனி நீ வரத் தேவையில்லை. மிச்சம் ஞாயிறுக்குப் பிறகு கதைப்பம்" என்று முத்துவுக்கு மெசேஜ் அனுப்பினார். முத்து நாலு தரம் போன் அடித்தான். அவர் எடுக்கவில்லை.

அன்று அவருக்கு மனம் லேசாக இருந்தது. அவன் கை பட்ட ஒவ்வொரு மூட்டையும் திரும்பக் கழற்றி, திரும்பப் பூட்டி, சிவப்புக் கோடு இழுத்தார். கடைசியில் முத்துவின் மஞ்சள் போத்தல் மேசையில் நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு மூடியைத் திருகி, மஞ்சள் கோட்டையும் தானே இழுத்துவிட்டு, புத்தகத்தில் முத்துவின் இடத்தில் ஒரு கிறுக்குக் கிறுக்கினார். கள்ளனின் கையெழுத்தைப் போடுவது களவாகாது என்று அந்த நேரம் அவருக்குப் பட்டது.

சனிக்கிழமை சூரன்போர். நகுலேஸ்வரி விடியவே கோயிலுக்குப் போய்விட்டாள். பகல் ஒரு மணிபோல் பாலேந்திரா குசினி மேசையில் லப்டொப்பை விரித்துக் கார்டைச் செருகினார். தனியே பார்க்க மனம் வரவில்லை. இப்படியான விருந்துக்குச் சாட்சி வேண்டும்.

"தர்மிகா, இங்க வா. உன்ர முத்து மாமா செய்யிற வேலையைப் பார்."

அவள் கோப்பிக் கோப்பையோடு வந்து பின்னால் நின்றாள். வியாழக்கிழமை. படத்தின் மூலையில் நேரம் ஓடியது. பாலேந்திரா பின்னேரத்துக்குப் போகலாமென்று வேகமாக ஓட்டினார்.

"நில்லுங்கோ அப்பா. ஏன் ஓட்டுறியள்? அது நீங்கள்தானே?"

"நான் வேலை செய்யிறதைப் பாத்து என்ன செய்யிறது?"

"இல்லை. திருப்பிப் போடுங்கோ."

போட்டார். ஒன்று பத்து. படத்திலிருந்த பாலேந்திரா சுக்கான் மூட்டில் நட்டைப் பூட்டினார். ஸ்பானரால் இறுக்கினார். கை நின்றது. ஸ்பானரை மறுபக்கமாகத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். நட்டுக் கழன்று கைக்கு வந்தது. அதை, யாரோ தந்த காசைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொக்கற்றில் போட்டார். இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நவம்பர் மாதத்துக் குளிருக்குள், ஹீற்றர் இல்லாத கொட்டகையில், முகத்திலிருந்து வியர்வையைச் சேர்ட் கையால் துடைத்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. ஒருதரம் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. இருபது நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு கியூட்டெக்ஸ் போத்தலை எடுத்து, நட்டில்லாத போல்ட்டின் மேல் வடிவாக, நேராக, ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டு மூடியைப் பூட்டினார்.

இப்படி ஒன்று நடந்ததாகப் பாலேந்திராவுக்கு ஒரு துளி ஞாபகமும் இல்லை. அன்று பகல் முழுக்கக் கவனமாக வேலை செய்ததாகத்தான் ஞாபகம்.

தர்மிகாவே கையை நீட்டிப் படத்தை ஓட்டினாள். ஆறு நாற்பது. முத்து ரோர்ச் லைற்றோடு வந்தான். மூடியைத் திறந்தான். பார்த்தான். தலையில் கைவைத்துக்கொண்டு சீமெந்து நிலத்தில் இருந்துவிட்டான். பிறகு எழும்பிப் புது நட்டுப் போட்டு இறுக்கி, அதோடு விடாமல் விமானத்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்பா, உந்தப் புதுக் குளிசையை விரதத்திலயும் போடுறியளோ?"

"குளிசை சாப்பாடு இல்லைத்தானே" என்றார் பாலேந்திரா. சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

"ரத்தத்தில சீனி இறங்கித்தான் உங்களுக்கு நினைவு குழம்பியிருக்கு" என்று அவள் நாலு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். ஆறாம் நாள் விரதம். மறுக்காமல் குடித்தார்.

"நேற்று முழுக்கத் தனியத்தானே நிண்டனீங்கள்? என்னென்ன செய்தனீங்கள்?"

"எல்லாத்தையும் கழட்டித் திருப்பி..." அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "தெரியேல்லை பிள்ளை. எனக்குத் தெரியேல்லை."

நேற்றுப் பூட்டியது அவர். சரி பார்த்ததும் அவர். பின்னால் வந்து விரலால் தடவிப் பார்க்க இருந்த ஒருவனையும் மெசேஜ் போட்டுத் துரத்திவிட்டார். இருபது மணி நேரத்தில் இந்தப் பிள்ளையை ஏற்றியிருப்பார், சிரித்துக்கொண்டு ஏற்றியிருப்பார். அவர் போனை எடுத்து முத்துவின் நம்பரைத் தட்டினார்.

முத்து முதல் மணியிலேயே எடுத்தான்.

"முத்து, நான்தான். கமெராவில பாத்தன். எல்லாம் என்ர வேலை. நேற்றும் நான்தான் பூட்டினனான். மஞ்சள் கோட்டையும் நானே போட்டனான். உன்ர கையெழுத்தும் வைச்சனான்."

"லொக் நம்பரைச் சொல்லுங்கோ" என்றான் முத்து.

ஒன்றரை மணி நேரம் அப்பாவும் மகளும் குசினியிலேயே இருந்தார்கள். அவர் மனதுக்குள் முருகனிடம் கேட்டது ஒன்றுதான். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமையாவது கை பிழைத்திருக்கக் கூடாது. கொஞ்சம் மரியாதையாவது மிஞ்ச வேண்டும். மேசையிலிருந்த போன் அடித்ததும் தர்மிகா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அண்ணை, பிள்ளை பக்கத்தில நிக்கிறாளோ?"

"ஓம்."

"ஸ்பீக்கரை நிப்பாட்டிப்போட்டுக் காதில வையுங்கோ."

பாலேந்திராவின் கை போனை நோக்கிப் போனது. தர்மிகா தடுக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

"அவள் கேக்கட்டும். சொல்லு."

"பின்தண்டில நட்டு இல்லை அண்ணை. போல்ட் முக்கால்வாசி வெளியில வந்து நிக்குது. நான் தொட்டன், விழுந்திட்டுது."

தர்மிகா கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.