சந்துக்குள் ஒரு அறை

வண்டி பாதி சந்துக்குள்ளும் பாதி தெருவிலுமாக நின்றுவிட்டது. தையற்காரர் தோளில் கிடந்த அளவு நாடாவை எடுத்து வண்டியின் அகலத்தை மறுபடியும் அளந்தார். பிறகு சந்தை அளந்தார். இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. நாடா பொய் சொல்லவில்லை. வண்டி மட்டும் போகமாட்டேன் என்றது.

அது ஒரு குட்டி டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், போகிற இடத்தில் உள்ளேயே படுத்துத் தூங்கலாம். ஒரு படுக்கை, ஒரு கதவு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ஜன்னல். அவ்வளவுதான். இழுத்துவந்த வேனைத் தெருவில் திருப்ப இடமில்லாததால் கழற்றிவிட்டுக் கையால் தள்ள வேண்டியிருந்தது. சந்தைத் தாண்டினால் வீட்டுக் கொல்லை. தெருவில் நிறுத்த அனுமதி இல்லை. விற்ற எலக்ட்ரீசியன் எதிரே தன் வேனில் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குள் உள்ளே போனால் உங்களுடையது, இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவேன், இன்னொருவர் கேட்டுக் காத்திருக்கிறார் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். இப்போது மணி ஐந்தேகால்.

தையற்காரரின் மனைவி வண்டியின் முன்னால் நின்றாள். காரில் மாட்டும் கம்பி அங்கே மூக்குபோல நீண்டிருந்தது. அதைத் தாங்க அடியில் ஒரு சின்னச் சக்கரம். அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பகலெல்லாம் குடுவை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால், முன்னறையில் யாராவது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். படுக்கையறையில் துணிக்கட்டு. சமையலறை அலமாரியில் பொத்தான் டப்பா. இருபத்திரண்டு வருடத்தில் அவள் எனக்கு இது வேண்டும் என்று கேட்டதில்லை. இந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்து பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள். அவர் தலையாட்டினார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் அவர். அதனால்தான் எந்தத் துணியும் சொன்ன தேதிக்குக் கிடைப்பதில்லை. இதுவும் அந்தத் தலையாட்டல்தானோ என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

பஸ் ஓட்டும் நாத்தனார் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நாற்பதடி பஸ்ஸை டெப்போவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு விடுகிறவளுக்கு இந்தத் தீப்பெட்டி எம்மாத்திரம் என்று வண்டியின் மூக்கைப் பிடித்தாள். முதலில் சந்துக்குள் போகும் பின்முனை, அதுதான் வால், இடது பக்கம் போக வேண்டுமென்றால் மூக்கையும் இடது பக்கம் தள்ளினாள். வால் வலது சுவரில் போய் முட்டியது. மூன்று தரம் இதே கதை. நான்காவது தரம் நேராகத்தான் போனது. போய், பக்கத்துப் பெரிய சக்கரம் சந்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது.

மனைவி குனிந்து பார்த்தாள். சுவரின் அடியில் ஆறடி நீளத்துக்கு அஸ்திவாரம் முழங்கால் உயரம்வரை வெளியே புடைத்திருந்தது. சக்கரத்தின் நடுக்குமிழ் அதில் உரசி நின்றது.

"ஏங்க, கீழ அளந்தீங்களா?"

அவர் அளவு நோட்டைப் புரட்டினார். வண்டிக்கும் சந்துக்கும் தனித்தனிப் பக்கம். கழுத்து, மார்பு, இடுப்பு. அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "முப்பது வருஷமா சட்டையே தச்சா இப்படித்தான். நடுவுல ஒரு பேண்ட்டாவது தச்சிருக்கலாம், அண்ணே."

அவர் நோட்டை மூடி மேசையில் வைக்கப் போகிறவர்போல வீட்டுக்குள் போய்விட்டார். எலக்ட்ரீசியன் வேனிலிருந்து இறங்கினார்.

மனைவி, குமிழ் உரசிய இடத்தில் விரலை வைத்தாள். புடைப்பின் மேல்விளிம்புக்கு ஒரு விரல் கீழேதான் குமிழ் இடித்திருந்தது. குடுவைக்கும் அடியில் ஓர் அகலம், கழுத்தில் ஓர் அகலம். கழுத்தளவு இடம் போதும், சரியான உயரத்தில் இருந்தால். "ஒரு வெரல் ஒசரம் தூக்கினா போதும்," என்றாள், யாரிடமும் இல்லாமல். "மேலால போயிடும்." ஆனால் சக்கரம் உருள வேண்டும். செங்கல் ஆகாது. அவ்வளவு நீளப் பலகைக்கு எங்கே போவது?

சந்தைப் பார்த்த ஜன்னல் வழியே அது உள்ளே கேட்டிருக்க வேண்டும். கத்தரிக்கோல் விழும் சத்தம் வந்தது. தையற்காரர் ஒரு பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். துணி வெட்டும் மேசையின் மேல்பலகை. கீழே போட்டுவிட்டு இன்னொன்றையும் கொண்டுவந்தார். இரண்டிலும் சாக்குக்கட்டிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன.

"இதும்மேல டயர் ஏறுமே," என்றாள் மனைவி.

"ஏறட்டும்."

"நாளைக்கு நாலு பேரு துணிக்கு வர்றாங்க."

"அவங்களுக்குத் திரும்பிப் போய்ப் பழக்கம்தான்," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே குனிந்து பலகையைச் சக்கரத்தடியில் செருகினார்.

அவள் முன்னால் போய் மூக்கில் கை வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் தள்ளுங்க. மூக்க நான் பிடிச்சுக்கறேன்," என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே சற்று வெட்கமாக இருந்தது.

சக்கரம் பலகை விளிம்பில் இரண்டு தரம் சண்டித்தனம் செய்தது. மூன்றாம் தரம் ஏறிக்கொண்டது. நாத்தனார் வாய் ஓயாமல் இடது, வலது என்றாள். அவள் ஒவ்வொன்றுக்கும் சரியென்று சொல்லி, மூக்கை நேர் எதிர்ப்பக்கம் ஒரு இழை நகர்த்தினாள். குமிழ் அஸ்திவாரத்தின் மேலே நக இடைவெளியில் மிதந்து போனது. நடுவில் பாரம் சட்டென்று குறைந்தது. திரும்பிப் பார்த்தால், திருப்பிக்கொண்டு போக வந்த எலக்ட்ரீசியனும் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

கொல்லைக்குள் வந்தபோது ஆறுக்குப் பத்து நிமிடம். எலக்ட்ரீசியன் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு மூக்கு கிடையாது, அதனால்தான் வந்த குழப்பம் என்று நாத்தனார் அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மனைவி வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமெல்லாம் தூரப் போயிற்று. மெல்ல நடந்து பின்கோடியில் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தரை சாய்ந்தது. வண்டி ஆடாமல் நிற்க அடியில் ஊன்றும் முட்டுக்கால்களை யாரும் இறக்கவில்லை. வால் தாழ, மூக்கு மேலே எழும்பியது. பதறி எழுந்து நான்கடி முன்னால் வந்தாள். மூக்கு இறங்கியது. ஒரு கணம் நின்றாள். பிறகு வேண்டுமென்றே பின்னால் போனாள். எழும்பியது. முன்னால் வந்தாள். இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு தரம் போய் உட்கார்ந்தாள்.

இந்த முறை தரை பாதி சாய்ந்து, நின்று, மெல்ல நேரானது. ஜன்னல் வழியே பார்த்தாள். தையற்காரர் மூக்கின்மேல் உட்கார்ந்திருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல்.