உஷாராணிக்கு அவசரம்

1

மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை நெஞ்சில் பிறக்குமாம். இந்தக் கதை எனக்கு அடிவயிற்றில் பிறந்தது. போன மாதம் ஒரு சாயங்காலம் கிள்ளானிலிருந்து காரோட்டி வந்துகொண்டிருந்தேன். அடைமழை. பத்து தீகா என்கிற இடத்தில் தண்ணீர் ஏறி, ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. எனக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஓர் ஆள் இறங்கினார். சாலையோரப் புல்லில் நின்று, வானத்தைப் பார்த்தபடி காரியத்தை முடித்தார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, என்னா ஜாம் பாருங்க என்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

எனக்கும் அதே அவசரம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மனிதர்மேல் வந்த பொறாமையில் ஒரு கதையை யோசிக்க ஆரம்பித்தேன். (கோபமா என்று கேட்காதீர்கள். சத்தியமாகப் பொறாமைதான்.)

வீடு வந்து சேர்ந்து, ஓடி, முடித்து, சுகமாக ஒரு மூச்சு விட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஆகவே இதை எழுதும்போது நான் நல்ல சந்தோஷத்தில் இருந்தேன் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உஷாராணியின் உள்ளத்திலும்—"

சே! இவளுக்குப் பிரச்சினை உள்ளத்தில் இல்லை.

இரண்டாவது: "காலங்காலமாகப் பெண்ணின் உடல் என்பது—"

இது மாநாட்டில் வாசிக்கிற கட்டுரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

மூன்றாவது: "உஷாராணிக்கு முட்டிக்கொண்டு வந்தது."

ஆங், இது. இப்போது ஆளைச் சொல்லிவிடுகிறேன். உஷாராணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. இன்றைக்கு பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை, கை நிறைய வளையல். காரோட்டுகிறவன் அவள் கணவன் விமலன். கிளம்புவதற்கு முன் இருவரும் ஒரே கடையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பெரிய கிளாஸ் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் டீ) குடித்தார்கள். பத்து தீகாவில் மாட்டிக்கொண்டார்கள்.

3

விமலன் இறங்கியதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்: "விமலன் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, புல்லோரமாய் ஒன்றுக்கிருந்துவிட்டு, பேண்டில் கையைத் துடைத்தபடி வந்து ஏறினான்." எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள். படிக்கிறவர் இந்த வரியில் நிற்கக்கூட மாட்டார்.

"அப்பாடா, இப்பதான்லா உயிர் வந்துச்சு," என்றான் விமலன்.

"எனக்கும் வருதுங்க."

"என்னா வருது?"

"பாத்ரூம் வருது."

"மண்டபத்துக்குப் போய்டலாம். கொஞ்சம் அடக்கிக்கோ."

(அடிக்குறிப்பு. கீழே போனால் யாரும் படிக்க மாட்டீர்கள், அதனால் இங்கேயே: ஆம்பளைக்கு ஒண்ணுக்கு வரும். நமக்கு மட்டும் பாத்ரூமே வரும். அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு கட்டடத்தையே வரவழைக்கிறோம். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். நிஜமாகவே வந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஃபெடரல் ஹைவேயில் இதுவரை வந்து நான் பார்த்ததில்லை.)

4

விமலனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒரு வரைவில் அவனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். "பொம்பளன்னா அடக்கம் வேணும்" என்று கத்த வைத்தேன். எழுத சுலபமாக இருந்தது. படிக்கிறவர்களும் அவனை நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. காலையில் மண்டியிட்டு அவள் புடவைக் கொசுவத்தை நீவிவிட்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் சட்டையில்லாமல், கைலியோடு, தொப்பையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வான். அதே வாசலுக்குக் குப்பை லோரி வந்தால் உஷாராணி நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போவாள். அவள் மறந்தால் விமலனே எடுத்துக் கொடுப்பான். இந்தச் சட்டத்தை அந்த வீட்டில் யாரும் போடவில்லை. அது பாட்டுக்கு இருந்தது, இரண்டு பேரும் அதற்குள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

5

இது வரைக்கும் எழுதியதை முகுந்தனுக்கு அனுப்பினேன். முகுந்தன் ஞாயிறு இதழின் ஆசிரியர். நல்ல பிள்ளை, உடனே போன் செய்துவிட்டான்.

"அக்கா, விமலன் எறங்குற எடம் ரொம்ப இயற்கையா இருக்கு. அந்தம்மாவ மட்டும் எறக்கிடாதீங்க. நம்மது குடும்பப் பத்திரிகை."

"குடும்பத்துல யாரும் ஒண்ணுக்குப் போறதில்லையா தம்பி?"

"போறாங்க, போறாங்க. பேப்பர்ல போடுறதில்ல. வேணும்னா அந்தம்மாவ அழ விடுங்கக்கா. மழை வேற பெய்யுது, நல்லா எடுபடும்."

கண்ணில் வந்தால் பரவாயில்லையாம்! போனை வைத்துவிட்டுச் சிரித்தேன் பாருங்கள், சிரித்த சிரிப்பில் எனக்கே அவசரம் வந்துவிட்டது. எழுந்து போனேன். கதவு, தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், எல்லாம் இருந்தது. முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால், உஷாராணி நான் விட்டுப்போன இடத்திலேயே காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

6

"நீங்க மட்டும் போய்ட்டு வந்துட்டீங்க," என்றாள்.

(கதைக்குள் இருப்பவள் எழுதுகிறவளோடு பேசுவது பழைய வித்தை என்று எனக்கும் தெரியும். இவள் வித்தைக்காகப் பேசவில்லை. வலி தாங்காமல் பேசினாள்.)

"அவசரம்மா," என்றேன்.

"எனக்கு மட்டும் என்னா, சும்மாவா? நீங்க அடிக்குறிப்பு எழுத எழுத எனக்கு இங்க அடிவயிறு வெடிக்குதுக்கா."

"ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் எழுதித் தரட்டுமா?"

"வண்டியே நகரல. பறந்தா போவேன்?"

"சரி, ஜாமைக் கலைச்சு விட்டுடறேன். ஒரே வரி. தண்ணி வடிஞ்சுடுச்சுன்னு போட்டுடறேன்."

"பத்து தீகால ஏறுன தண்ணி சட்டுனு வடிஞ்சுடுச்சுன்னு எழுதுங்க. கிள்ளான்காரன் ஒருத்தன்கூட நம்ப மாட்டான்."

"பின்னே என்னதான் செய்யச் சொல்ற?"

"எறங்கப் போறேன். நீங்க பாதியில விட்டுட்டு ஓடாம எழுதுங்க. அது போதும்."

7

உஷாராணி விமலன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, இந்தப் பக்கத்துக் கதவு ரெண்டையும் தொறந்து விடுவோம். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நடுவுல நான் உக்காந்துக்கறேன். புல்லுப் பக்கம் நீங்க கொடைய விரிச்சுப் புடிங்க."

விமலன் வெலவெலத்துப்போனான். "ஏய், உனக்கென்னா பைத்தியமா? யாராச்சும் பார்த்தா என்னா நெனப்பாங்க?"

"நீங்க போனப்போ என்னா நெனச்சாங்களோ, அதையே நெனச்சுட்டுப் போகட்டும்."

"அது வேறலா."

"எது வேற? ஒரே கடை, ஒரே தே ஓ."

நியாயத்துக்கு நான் விமலனுக்கும் ஒரு பதில் எழுதித் தர வேண்டும், அவனும் என் ஆள்தானே. முயற்சி செய்தேன். "பொம்பளைங்கன்னா—" "நம்ம பண்பாட்டுல—" "நான் உன் நல்லதுக்குத்தான்—" எதையும் என்னால் முடிக்க முடியவில்லை. அதற்குள் அவனே கையை நீட்டிப் பின் சீட்டிலிருந்த குடையை எடுத்துவிட்டான். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது அந்த நேரத்தில்தான்.

இறங்கினார்கள். இரண்டு கதவுகளுக்கு நடுவே உஷாராணி குந்தினாள். விமலன் விரித்த குடையைப் புல்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றான். மழை அவன் சட்டையை நனைத்தது. "கொசுவத்தத் தூக்கிப் புடி, சேத்துல படுது," என்றான் திரும்பாமலே. பிறகு, சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது என்று உரக்கத் தொண்டையைச் செருமினான். அந்த மழையில் யாருக்கு என்ன கேட்கப்போகிறது, பாவம்.

அப்போதுதான் உஷாராணி பின்கதவுக் கண்ணாடி வழியாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பின்னால் ஒரு வெள்ளை மைவி கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே யாரோ போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

இவ்வளவு நேரம் அடக்க முடியாமலிருந்தது, அந்த போனைப் பார்த்ததும் தானாக அடைத்துக்கொண்டது. பெண்களுக்குத் தெரியும், அது எப்படி வலிக்கும் என்று.

"எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி ஒரு வரி எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவரு போனப்போ யாராச்சும் திரும்பினாங்களா? பார்த்தா பார்க்கட்டும்க்கா. எடுக்காம இருந்தா போதும்."

8

முடிவுகளைச் சொல்கிறேன்.

அவள் எழுந்து காருக்குள் ஏறிக்கொள்கிறாள் என்று ஒன்று எழுதினேன். மண்டபம் வரைக்கும் அடக்கி, அன்றைக்கு ராத்திரி முழுக்க எரிச்சலோடு படுத்திருக்கிறாள். நான் அன்றைக்குச் செய்தது கிட்டத்தட்ட அதுதான். எழுதி முடித்துப் பார்த்தால் உஷாராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அழித்துவிட்டேன்.

இன்னொன்று: அந்த வீடியோ இவர்களுக்கு முன்னாலேயே பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'பட்டுப்புடவை ஆன்டி' என்று பெயர் வைத்து, சிரிக்கிற படங்களெல்லாம் போட்டு. மண்டப வாசலில் தங்கை கையில் போனோடு நிற்கிறாள். உஷாராணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறாள். கால் மணி நேரம் முன்பு அதே புல்லில் நின்ற விமலனை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த முடிவு கடகடவென்று வந்தது, நன்றாகவும் வந்தது. அவ்வளவு நன்றாக வந்ததில்தான் எனக்கு ஆத்திரம். அதையும் அழித்தேன்.

மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. உஷாராணி முடித்துக்கொண்டு ஏறுகிறாள். ஈரத் தாளில் கையைத் துடைக்கிறாள். "அப்பாடா!" என்று சீட்டில் சாய்கிறாள். "உயிர் வந்துச்சா?" என்று விமலன் கேட்க, இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. லேட்டாகப் போய்த் தங்கையிடம் திட்டு வாங்கி, வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

எனக்கு இதுதான் வேண்டும். ஆசையாக இருக்கிறது, ஆனால் என்னால் மட்டும் எழுத முடியவில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உஷாராணி செய்வது ஒரே காரியம்தான். மாறுவது அந்த மைவியில் இருக்கிற கை. அந்தக் கைக்கு நான் ஆளே எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆணா பெண்ணா, என்ன பெயர், எந்த ஊர், ஒன்றும் எழுதவில்லை. அந்த சீட் இவ்வளவு நேரமும் காலியாகக் கிடந்திருக்கிறது.

ஒன்று கேட்கட்டுமா? இந்தக் கதையை போனில்தானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? முகத்துக்கு நேரே, உயர்த்திப் பிடித்துக்கொண்டு?

உஷாராணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சேற்றில் குந்தியபடி, ஒரு கையால் கொசுவத்தையும் இன்னொரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, நேராக உங்களைப் பார்க்கிறாள். நான் விலகிக்கொள்கிறேன். இனி அவளே பேசட்டும்.

"பாஸ், யாரா இருந்தாலும் சரி, அந்த போனக் கொஞ்சம் கீழ வைங்கலா."