கறுப்புக் காராமணி

இருசப்பனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்றதும் கரையாம்புத்தூரில் நாலு பேருக்கு வயிற்றெரிச்சல். அவருக்கு அது உறைக்கவே இல்லை. பாகூருக்குப் பஸ் ஏறக் கிளம்பும்போது பெண்டாட்டி காசம்மாள் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்.

"சால்வ கெடக்குது வுடு. நாம அவளுக்குப் போட்டது சரிதானான்னு அந்த மேடத்தக் கேட்டுகினு வா."

அவள் என்றால் மகள் அருள்மொழி. செத்துப் பத்து மாதம் ஆகிறது.

இருசப்பன் நெல் அறுத்த நிலத்தில் மூன்று வகைக் காராமணி போடுகிறவர். வெள்ளை, சிவப்பு, கறுப்பு. பழைய ரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற லட்சியமெல்லாம் அவருக்குக் கிடையாது. விதை வீட்டில் இருந்தது, போட்டார். வெள்ளை சீக்கிரம் வேகும், வாயில் வைத்தால் வெண்ணெய். கறுப்புக்குக் குக்கரில் ரெண்டு விசில் கூட வேண்டும், குழம்பையே கறுப்பாக்கிவிடும், துவர்க்கும். விருந்தாளி இலையில் அதை வைத்தால் மானம் போய்விடும்.

வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் அருள்மொழியை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, ஊருக்கு வரும் நர்ஸம்மா சோதித்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்குது. மாத்திரையோட பயிறு வகை நல்லா குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து காசம்மாள் வெள்ளையை முறத்தில் கொட்டி, சொத்தை இல்லாததாகப் பொறுக்கிப் பொறுக்கி அவித்துப் போட்டாள். பெற்ற பெண்ணுக்குக் கறுப்பை யாராவது போடுவார்களா? அது மாட்டுக்குப் போனது. மாடும் அப்போதுதான் கன்று ஈன்றிருந்தது. தினமும் கறுப்பை அவித்து, வெல்லம் தட்டிப் போட்டு வைத்தார்கள்.

பிரசவத்தில் அருள்மொழிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. குழந்தையும் தங்கவில்லை. மாடு மட்டும் மதமதவென்று நின்றது.

அதற்கப்புறம் இருசப்பன் எல்லாம் செய்தார். கரும்பு வெட்டினார், சோறு தின்றார், கல்யாணத்துக்குக் கூடப் போய் மொய் வைத்தார். உள்ளே மட்டும் பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஒன்றும் தெரியவில்லை. அழவும் இல்லை. அழாததைப் பற்றி ஊர் பேசியது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

இப்போது மகன் அன்புராஜின் மனைவி ரோஸ்லினுக்கு ஐந்தாம் மாதம். அதே நர்ஸம்மா வந்தாள், அதே வார்த்தையைச் சொன்னாள். காசம்மாளும் அதே முறத்தை எடுத்து அதே வெள்ளையைப் பொறுக்க உட்கார்ந்தாள். ஆனால் பொறுக்கிக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடும். அந்தச் சமயத்தில்தான் விவசாய ஆராய்ச்சி நிலையத்து செல்வகுமாரி மேடத்திடமிருந்து போன் வந்தது. போன வருஷம் அவர் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் ரகத்துக்கொரு படி காராமணி வாங்கிச் சத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருந்தார். முடிவு வந்துவிட்டது, பாகூர் கூட்டத்துக்கு வாருங்கள், உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்றார்.

கூட்டம் பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார், வந்ததும் நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். ஆறிப்போன வடை கொடுத்தார்கள். கூடவே ஆளுக்கொரு தாள். இருசப்பன் எட்டாவது வரை படித்தவர். தன் பெயரைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே இருந்த எண்களை விரலால் தடவிப் பார்த்தார். பேச்சு முடிவதற்குள் எழுந்து, ஓரமாக நின்றிருந்த செல்வகுமாரியிடம் போனார்.

"மேடம், இந்த நாலு புள்ளி ஆறு இன்னாது?"

"இரும்புச்சத்துங்க ஐயா. அது உங்க வெள்ளை."

"பத்து புள்ளி ரெண்டு?"

"அதான் கறுப்பு!" அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாங்க எடுத்த எல்லாத்துலயும் உங்க கறுப்புதான் முதல். அதுக்குத்தான் உங்களுக்கு இன்னிக்கி மரியாதையே."

இருசப்பன் தாளை நாலாக மடித்தார்.

"ரத்தம் கம்மியா இருந்த பொண்ணு. வெள்ளையத்தான் போட்டோம். கறுப்பப் போட்டிருந்தா பொழச்சிருக்குமா?"

செல்வகுமாரியின் சிரிப்பு போய்விட்டது. யாருடைய பெண் என்று அவர் கேட்கவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க ஐயா. இது தானியத்துல இருக்கறது. உடம்புல சேர்றது வேற. கறுப்புத் தோல்ல துவர்ப்பு இருக்குல்ல, அது சத்த முழுசா சேரவிடாது. நல்லா ஊறவெச்சு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தா கொஞ்சம் கூடச் சேரும். எதைச் சாப்பிட்டாலும் மாத்திரைய விடக் கூடாது. ஒரு பயிறால பொழச்சிருப்பாங்க, போயிருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"வெள்ள போட்டது தப்பில்லன்னு சொல்லலாமா?"

செல்வகுமாரி வாயைத் திறப்பதற்குள் மைக்கில் இருசப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினார். போர்த்தினார்கள், கைதட்டினார்கள், போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். அவர் சிரித்தார்.

ஆமாம் என்றாலும் தாங்கியிருப்பார், இல்லை என்றாலும் தாங்கியிருப்பார். இரண்டும் இல்லாத பதிலைத் தூக்கிக்கொண்டு காசம்மாளிடம் எப்படிப் போவது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பொய்யைத் தயார் செய்தார். எல்லாம் ஒன்னுதானாம். எதப் போட்டாலும் ஒரே சத்துதானாம். வாய்க்குள்ளேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது காசம்மாள் ராத்திரி ஊறப்போட வெள்ளையைப் படியில் அளந்துகொண்டிருந்தாள். ரோஸ்லின் உள்ளே படுத்திருந்தாள்.

"இன்னாயா சொன்னாங்க?"

பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. காசம்மாள் படியைச் சட்டியில் கவிழ்க்கப் போனாள்.

"அத்த வுடு" என்றார். "கறுப்ப போடு."

அவள் படியை நிமிர்த்தினாள்.

"சத்து எவ்ளோ கூட?"

"ரெண்டு மடங்குக்கு மேலயாம். ஆனா அப்படியே ஒடம்புல சேராதாம், காசு. துவர்ப்பு வுடாதாம். எலுமிச்சம்பழம் புழியணுமாம். ஒரு பயிறுல உசுரு நிக்குமா போகுமான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு அந்த மேடமே சொன்னாங்க." அவர் பேசிக்கொண்டே போனார். அதில் பாதி அவள் காதில் விழுந்திருக்காது.

காசம்மாள் வெள்ளையைத் திரும்பக் கொட்டினாள். மூலையில் இருந்த டின்னைத் திறந்து கறுப்பை அள்ளினாள். அளக்கவில்லை. சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"மாட்டுக்கு அவிச்சி வெல்லம் போட்டு எடுத்துகினு போனேன்" என்றாள். "அவ வந்து நின்னா. வாசனையா இருக்குதும்மா, ஒரு கை குடுன்னு கைய நீட்டினா. மாட்டுத் தீனியா திங்கப் போறன்னு கையிலயே தட்டி வுட்டுட்டேன்."

இருசப்பனுக்கு இது தெரியாது. தோளில் இன்னும் பொன்னாடை கிடந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை.

"ரோஸ்லினுக்கு வெல்லம் போட்டுக் குடுக்கட்டுமாயா?" என்று கேட்டாள் காசம்மாள்.

"போடு" என்றார். "நெறைய போடு."