இருவர் அட்டை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. என் பொய் அல்ல. நான் சொன்ன பொய்களைப் பற்றிக் கதை எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. ஹாலிஃபாக்ஸிலிருந்து பிராட்ஃபோர்டுக்கு நான் வேலைக்குப் போகும் ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பரிசோதகர் டிக்கெட் கேட்டார். அவள் கைப்பேசியில் இரண்டு டிக்கெட்டுகளையும், இரண்டு முகங்கள் பதித்த ஒரு சலுகை அட்டையையும் காட்டினாள்.

“வீட்டுக்காரர் எங்கம்மா?”

“பாத்ரூம் போயிருக்காரு.”

பாத்ரூமில் யாரும் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் அப்போதுதான் அதிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தேன்.

“அப்ப நிக்கிறேன், வரட்டும்” என்று பரிசோதகர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் பிராட்ஃபோர்டு வந்துவிட்டது. இறங்கினேன். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

2

ரயிலில் பார்த்தவளுக்கு வெரிட்டி என்று பெயர் வைத்தேன். முதல் வரி: ‘வெரிட்டி தனிமையில் வாடும் ஒரு—’

அடித்துவிட்டேன். (ஐம்பதைத் தாண்டிய பெண் ரயிலில் தனியாக உட்கார்ந்திருந்தால் போதும், உடனே அவளை வாட வைத்துவிடுகிறோம்.) வெரிட்டிக்கு ஹெப்டன் பிரிட்ஜில் சொந்த வீடு, வாயாடித் தங்கை, பாட்டுக் குழு எல்லாம் உண்டு. கணவனை விவாகரத்து செய்து வெகுகாலம் ஆகிறது, நிம்மதியாகத் தூங்குகிறாள்.

மறுபடி: ‘செவ்வாயும் வியாழனும் லீட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வெரிட்டிக்கு வேலை.’ சப்பென்றுதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுடைய ஒரே குறை, வாரத்தில் இரண்டே நாள் போகிறவளுக்கு உருப்படியான டிக்கெட் இல்லை என்பது. மாதச் சீட்டு தினம் போகிறவர்களுக்கானது. எட்டு நாள் சீட்டு என்று ஒன்று உண்டு. நான்கு வாரத்துக்குள் எட்டு நாள், எந்த ரயிலிலும் போய்வரலாம். நடுவில் சளி பிடித்தால் ஒரு நாள் கோவிந்தா. இதை அவள் பிளாட்பாரத்தில் வாய்விட்டுப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் நெவில் குறுக்கே வந்தார். பியானோ பழுது பார்க்கிறவர். அவருக்கும் லீட்ஸில் அதே இரண்டு நாள் வேலை.

“தப்பா நெனைக்காதீங்க. இருவர் அட்டைன்னு ஒண்ணு இருக்கு. மூணுல ஒரு பங்கு கொறையும்.”

“அது புருஷன் பொண்டாட்டிக்குத்தானே?”

“அப்படி எங்கயும் எழுதலீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போகணும், சேர்ந்து வரணும். காலையில ஒம்பதரைக்கு மேல. அவ்வளவுதான்.”

“நடுவுல சண்டை வந்துட்டா?”

“போட்டுக்கலாம். ஒரே ரயில்ல இருந்து போட்டுக்கணும்.”

அன்றே இருவரும் படம் கொடுத்து அட்டை வாங்கினார்கள். தாலி இல்லை, மோதிரம் இல்லை. ரயில்காரர்களே முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

3

நெவிலை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அட்டையில் ஒரு விநாடி பார்த்த முகம்தானே: வழுக்கை, பெரிய காதுகள். இதை வைத்துக்கொண்டு ஓர் ஆளை எப்படிச் செய்வது? (முதலில் அவருக்கு இறந்துபோன ஒரு மனைவியைக் கொடுத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். என் கதைக்காக அந்த அம்மாள் எதற்குச் சாக வேண்டும்?) ஆக, நெவில் கல்யாணமே செய்துகொள்ளாதவர். காலையில் எழுவது அவருக்கு எட்டிக்காய். பட்டறைக்கு எப்போது போனாலும் கேட்பாரில்லை.

ரயிலில் அவர் குறுக்கெழுத்துப் போடுவார். வெரிட்டி ஓரக்கண்ணால் பார்த்து விடையைச் சொல்லிவிடுவாள். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டு, அடுத்த நிலையத்துக்குள் மறுபடி எடுப்பார். பரிசோதகர்கள் அவர்களைக் கணவன் மனைவி என்றே நினைத்தார்கள். ஆரம்பத்தில் இருவரும் திருத்தினார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கு முழுக் கட்டணம் என்பதால் யாருமே லீவு போடவில்லை. வெரிட்டி ஒருமுறை இருமலோடு வந்து சேர்ந்தாள்.

“வீட்டுல படுத்துக் கெடக்கறதுதானே?”

“உங்களுக்குத் தண்டம் ஆகுமே.”

தண்டம் என்பது சாக்கு. அந்தப் பயணம் அவளுக்குப் பிடித்திருந்தது, வேலையைவிட, பாட்டுக் குழுவைவிட.*

* இதை அவள் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. எழுதுகிறவன் என்ற சலுகையில் எனக்குத் தெரியும்.

4

இனி சிக்கல். கண்ணாடிக் கடை அடுத்த மாதத்திலிருந்து சீக்கிரம் திறக்கப்போகிறது. எட்டு மணிக்கு முன்பே ரயில் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இருவர் அட்டை செல்லாது. எட்டு நாள் சீட்டுதான் கதி. நெவிலிடம் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி.

நம் ஊராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பேசி, கோபித்து, முடிந்திருக்கும். இந்த ஊரில் மனதில் இருப்பதைச் சொல்வதற்கு முன்னால் மழையைச் சொல்லித் தீர்க்க வேண்டும். இரண்டு வாரம் மழை தீரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பும்போது, ரயில் ஹெப்டன் பிரிட்ஜில் நிற்கப்போகிற சமயத்தில் வெரிட்டி வாயைத் திறந்தாள்.

“அடுத்த மாசத்துலேர்ந்து கடைய சீக்கிரம் தொறக்கறாங்க, நெவில்.”

“ஓ.”

“எட்டு நாள் சீட்டு எடுத்தாத்தான் கட்டும்.”

“ஆமாமா. எடுக்கலைன்னாத்தான் முட்டாள்தனம்.”

“அதான் நானும் நெனைச்சேன்.”

“நல்ல முடிவு. ரொம்ப நல்ல முடிவு.”

‘நானும் கூட வரட்டுமா’ என்று அவர் கேட்டால் தொந்தரவு. ‘நீங்களும் வாங்களேன்’ என்று அவள் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம். ஆளுக்கொரு மரியாதையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வியாழனன்று நெவில் வரவில்லை. இரண்டு டிக்கெட்டையும் அவள் முன்னமே வாங்கிவிட்டாள். கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் அவர் எண் அவளிடம் இல்லை. ஒரு வருடமாகச் சேர்ந்து போகிறார்கள், எண் கேட்பது நாகரிகமில்லை என்று இருவருமே கேட்கவில்லை. கதவு மூடும்வரை படிக்கட்டையே பார்த்திருந்துவிட்டுக் கடைசியாக ஏறினாள். பரிசோதகர் வந்து கேட்டார். அபராதத்துக்கு அவள் பயப்படவில்லை. ‘அவர் இனி வரமாட்டார்’ என்று தன் வாயால் சொல்ல அவளால் முடியவில்லை. அதனால்தான் பாத்ரூம்.

5

முடிவு ஒன்று: அபராதம் கட்டிவிட்டு அழுகிறாள். என் மனைவி படித்துவிட்டு, “யாரையாவது அழ வச்சாத்தான் உங்களுக்குச் சோறு எறங்குமா?” என்றாள். கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நெவில் நிஜமாகவே பாத்ரூமிலிருந்து வருகிறார். முடியாது. உள்ளே இருந்தது நான்தான் என்று தொடக்கத்திலேயே உளறித் தொலைத்திருக்கிறேன்.

முடிவு மூன்று: அன்று காலை நெவிலின் வீட்டுக் கதவை உடைத்துப் பார்த்தபோது— சீ, வேண்டாம்.

கடைசியாக எழுதியது இது. விடியுமுன் அலாரம் வைத்து எழுந்து, நெவில் அந்த நெரிசல் ரயிலில் ஏறியிருக்கிறார். பையில் அவர் பெயரில் புத்தம்புதிய எட்டு நாள் சீட்டு. தன்னால் முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அவளிடம் சொல்லலாம், முடியாவிட்டால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று திட்டம். அவள் இரண்டு டிக்கெட்டோடு மாட்டிக்கொண்டு முழிப்பாள் என்பது மட்டும் அந்தத் தூக்கக் கலக்கத்தில் அவருக்குத் தோன்றவில்லை. இப்போது லீட்ஸ் பிளாட்பாரத்தில் அவள் வரும் ரயிலுக்காக நின்று, சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“காலை ரயில் மகா மோசம், வெரிட்டி. உக்கார எடமே கெடையாது. ஆனா முன் பெட்டியில ஏறுனா, ரெண்டு பேர் நிக்கலாம்.”

அவர் இதைச் சொல்வாரா, அவள் என்ன சொல்வாள் என்று நான் எழுதவில்லை. ரயில் பிராட்ஃபோர்டுக்குள் நுழைகிறது, நான் இறங்கியாக வேண்டும். நீங்கள் லீட்ஸ்வரை போகிறீர்கள் அல்லவா? என் இடத்தில் உட்காருங்கள். பரிசோதகரை எப்படியாவது சமாளியுங்கள். வெரிட்டியிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், நெவில் சொல்லட்டும். இறங்கிய பிறகு அவர் வாயைத் திறக்காமல் தயங்கி நின்றால், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் போய் லேசாக ஒரு இடி இடித்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.